மரத்தரையில் நாய், பூனை சிறுநீர்க் கறை: பினாயில் ஊற்றியும் வாடை ஏன் போவதில்லை? என்னதான் தீர்வு?

குன்னூரில் என் பெரியம்மா வீடு, துரைமார் காலத்துப் பழைய வீடு. வரவேற்பறை முழுக்க மரத்தரை. ஒரு சாண் அகலத் தேக்குப் பலகைகள், நடுநடுவே நூலளவு இடைவெளி, நடந்தால் லேசாக முனகும். சின்ன வயதில் லீவுக்குப் போனால் அந்தத் தரையில்தான் உருண்டு கிடப்போம்.

கடந்த அக்டோபரில் போனபோது, கதவைத் திறந்ததுமே மூக்கில் அடித்தது. வெளியே மழை, உள்ளே சிறுநீர் வாடை. ஜன்னலோரம் ஜூலி படுக்கும் இடத்தில் ஆறு பலகைகள் கறுத்துப் போயிருந்தன. ஜூலி பெரியம்மாவின் நாய். வயது 13.

"தினமும் ரெண்டு வாட்டி பினாயில் போட்டுத் தொடைக்கிறேன் கண்ணு. மத்தியானம் வரைக்கும் பினாயில் வாடை. அப்புறம் பழையபடி இந்த வாடைதான்" என்றார் பெரியம்மா.

பெங்களூரில் இருக்கும் அண்ணன், வீட்டின் ஒரு பகுதியை ஹோம்ஸ்டேவாக மாற்றலாம் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு ஃபேமிலி குரூப்பில் மெசேஜ் போட்டார்: "பலகையை எல்லாம் பேத்துட்டு டைல்ஸ் போட்டுடலாம். ஜூலியை ஏதாவது ஷெல்டர்ல விட்டுடலாம்மா." பெரியம்மா மெசேஜைப் பார்த்தார். பதில் அனுப்பவில்லை.

தரையையும் காப்பாற்ற வேண்டும், ஜூலியையும் காப்பாற்ற வேண்டும். வழி இருக்கிறதா? ஒரு கால்நடை மருத்துவரிடமும், மலை வீடுகளில் மரவேலை செய்யும் ஆசாரி ஒருவரிடமும் கேட்டு, இரண்டரை மாதம் முயற்சி செய்து பார்த்ததில் கற்றுக்கொண்டதை இங்கே தொகுத்திருக்கிறேன்.

நீலகிரி, கொடைக்கானல் பக்கம் பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து நாயோடும் பூனையோடும் ஒர்க் ஃப்ரம் ஹோம் பார்ப்பவர்கள், தெற்கே மச்சு வைத்த பூர்வீக வீடு உள்ளவர்கள், லண்டனில் விக்டோரியா காலத்து பைன் பலகைத் தரை மேல் குடியிருக்கும் நம்மவர்கள் என எல்லோருக்கும் இது பொருந்தும்.

சிறுநீரில் அப்படி என்ன இருக்கிறது?

சிறுநீரில் ஏறக்குறைய 95% தண்ணீர்தான். மீதியில் முக்கியமானது யூரியா. அதோடு உப்புகள், கிரியாட்டினின், கொஞ்சம் புரதக் கழிவுகள்.

புதிதாகப் போன சிறுநீர் அவ்வளவாக நாறாது. ஈரத்தில் பாக்டீரியாக்கள் வேலையைத் தொடங்கிய பிறகுதான் பிரச்சினை. அவற்றிடம் இருக்கும் யூரியேஸ் என்ற என்சைம், யூரியாவை உடைத்து அமோனியாவாக மாற்றுகிறது. பஸ் ஸ்டாண்ட் கழிப்பறையில் கண்ணில் எரிச்சல் வருமே, அதே அமோனியாதான்.

பூனை சிறுநீரின் வாடைக்குத் தனி காரணம் ஒன்று உண்டு. அதில் ஃபெலினின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. நாள் ஆக ஆக இது உடைந்து, கந்தகம் கலந்த சேர்மங்களாக மாறும். கருத்தடை செய்யாத ஆண் பூனையிடம் இது மிக அதிகம். கடுவன் பூனை ஒரு மூலையில் பீச்சிவிட்டால் வாரக்கணக்கில் வாடை போகாமல் இருப்பது இதனால்தான்.

'யூரிக் அமிலப் படிகங்கள்தான் எல்லாவற்றுக்கும் காரணம்' என்று இணையத்தில் பல இடங்களில் படித்திருப்பீர்கள். அது பாதி உண்மைதான். நாய், பூனை இரண்டின் கல்லீரலும் யூரிக் அமிலத்தில் பெரும்பகுதியை, தண்ணீரில் எளிதில் கரையும் அலன்டாயின் என்ற பொருளாக மாற்றிவிடும். டால்மேஷியன் வகை நாய்கள் இதற்கு விதிவிலக்கு. ஆகவே நம் எதிரி ஒன்றல்ல. அமோனியா, கந்தகச் சேர்மங்கள், உப்புகள், கூடவே வேலை செய்யும் பாக்டீரியாக்கள் எல்லாம் சேர்ந்த கூட்டணி அது.

டைல்ஸில் துடைத்தால் போகிறது, மரத்தில் ஏன் போவதில்லை?

மரம் என்பது நெருக்கமாகக் கட்டிய ஸ்ட்ரா கட்டு மாதிரி. மரம் உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுபோன நுண்குழாய்கள், அறுத்த பலகையிலும் அப்படியே இருக்கின்றன. பலகையின் மேல்பரப்பைவிட, அறுத்த முனையில்தான் இந்தக் குழாய்கள் வாய் திறந்திருக்கும். முனை வழியாக ஈரம் பல மடங்கு வேகமாக உள்ளே போகும்.

பழைய தரையில் பாலிஷ் தேய்ந்திருக்கும். பலகைக்கும் பலகைக்கும் இடைவெளி விழுந்திருக்கும். சிறுநீர் அந்த இடைவெளியில் இறங்கி, பலகையின் பக்கவாட்டையும் அடிப்பக்கத்தையும் நனைக்கும். சில வீடுகளில் கீழே தாங்கும் சட்டம் வரைக்கும் போய்விடும். மேலே நாம் துடைப்பது அதில் சிறு பகுதியைத்தான்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பழைய வீடுகளில் பெரும்பாலும் அரக்கு பாலிஷ், அதாவது ஃபிரெஞ்ச் பாலிஷ்தான் போட்டிருப்பார்கள். அரக்கு காரத்தில் கரையும். அமோனியா ஒரு காரம். ஒவ்வொரு முறை சிறுநீர் விழும்போதும் பாலிஷ் கொஞ்சம் அரிக்கப்படும். அடுத்த முறை இன்னும் சுலபமாக உள்ளே இறங்கும்.

கறை ஏன் கறுப்பாகிறது?

கலம்காரித் துணியில் கறுப்பு வண்ணம் எப்படி வருகிறது தெரியுமா? துணியைக் கடுக்காய்ச் சாற்றில் நனைப்பார்கள். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்த தண்ணீரால் அதன் மேல் வரைவார்கள். கடுக்காயில் இருக்கும் டானினும் இரும்பும் சேர்ந்ததும் கறுப்பு. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்த பழங்கால மையும் இதே வேதியியல்தான்.

தரையிலும் இதேதான் நடக்கிறது. மரத்தில் இயற்கையாகவே டானின் உண்டு. ஓக் மரத்தில் மிக அதிகம், தேக்கில் ஓரளவு. பலகையை இறுக்கிப் பிடித்திருக்கும் இரும்பு ஆணி ஈரம் பட்டுத் துருப்பிடிக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஆணியைச் சுற்றி மை கொட்டிய மாதிரி கறுப்பு.

ஆணி இல்லாத இடத்திலும் பழுப்பாகக் கறுப்பது உண்டு. அது அமோனியாவும் டானினும் சேர்ந்து செய்யும் வேலை. மேலை நாடுகளில் ஓக் மேசை நாற்காலிகளை வேண்டுமென்றே அமோனியா ஆவியில் வைத்துக் கருநிறம் ஏற்றும் வழக்கமே இருக்கிறது.

இதை எதற்கு இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன் என்றால், இரண்டு கறைக்கும் மருந்து வேறு வேறு. அதைப் பின்னால் பார்ப்போம்.

மழை நாளில் மட்டும் நாறுவது ஏன்?

காய்ந்த சிறுநீரின் உப்புகள் மரத்துக்குள்ளேயே தங்கியிருக்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல இந்த உப்புகளும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் வந்ததும் பாக்டீரியாவுக்கு மறுபடி உயிர் வரும், அடங்கியிருந்த வாடை மேலே எழும்.

அதனால் ஏப்ரல் வெயிலில் 'வாடை போயிடுச்சு' என்று சந்தோஷப்பட முடியாது. ஐப்பசி மழைதான் பரீட்சை.

தரைக்கு முன்னால் டாக்டர்

இணையத்தில் கறை நீக்கும் குறிப்புகள் ஏராளம். அவற்றில் பல இந்த விஷயத்தைக் கடைசி வரியில்தான் சொல்கின்றன. உண்மையில் இதுதான் முதல் வரியாக இருக்க வேண்டும்: பழகிய நாயோ பூனையோ திடீரென்று வீட்டுக்குள் சிறுநீர் போக ஆரம்பித்தால், அதைச் 'சேட்டை' என்று நினைக்காதீர்கள். உடம்புக்கு என்னமோ சரியில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சிறுநீர்ப்பாதைத் தொற்று, சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், சிறுநீர்ப்பைக் கல், வயதான நாய்களுக்கு வரும் மறதி நோய் என எதுவாகவும் இருக்கலாம்.

ஜூலி விஷயத்தில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே வேறு: "முழிச்சிருக்கும்போது போகுதா, தூங்கும்போது ஒழுகுதா?" யோசித்துப் பார்த்தால், ஜூலி எழுந்த பிறகுதான் படுத்த இடம் ஈரமாக இருக்கும். சிறுநீர், ரத்தப் பரிசோதனை செய்து மற்ற காரணங்கள் இல்லை என்று உறுதி செய்தார். கருத்தடை செய்த பெண் நாய்களுக்கு வயதாகும்போது சிறுநீரை அடைத்து நிறுத்தும் தசை தளர்ந்துபோவது அடிக்கடி நடப்பதுதானாம். மாத்திரையில் பெரும்பாலும் கட்டுப்படும் என்றார்.

பெரியம்மா அன்று வீட்டுக்கு வரும் வழியில் ஒன்றுமே பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், "தெரியாம ரெண்டு வாட்டி அடிச்சுட்டேன் கண்ணு" என்றார்.

ஓர் எச்சரிக்கை: ஆண் பூனை அடிக்கடி முக்கிக்கொண்டு உட்கார்ந்து, சிறுநீர் வராமலோ சொட்டு சொட்டாகவோ வந்தால் அது அவசர நிலை. பாதை முழுதாக அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தரையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

செய்யவே கூடாத 5 விஷயங்கள்

1. பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள். சிறுநீரின் அமோனியாவோடு குளோரின் சேர்ந்தால் குளோரமைன் என்ற நச்சு வாயு வரும். இருமல், மூச்சுத்திணறல் வரலாம். பிளீச்சோடு வினிகரோ பாத்ரூம் ஆசிட்டோ சேர்ந்தால் குளோரின் வாயுவே வரும்.

2. பினாயிலை நம்பாதீர்கள். அது வாடையை மறைக்குமே தவிர, மரத்துக்குள் போனதை உடைக்காது. கறுப்பு பினாயிலில் இருக்கும் பீனால் வகைப் பொருள்களைப் பூனையின் கல்லீரலால் சரியாகக் கழிக்க முடியாது. தரையில் நடந்து, பிறகு பாதத்தை நக்கும் பூனைக்கு அது விஷம்.

3. அமோனியா கலந்த கிளீனர் வேண்டாம். அதன் வாடை சிறுநீர் வாடையை ஒத்தது. 'இது நம்ம இடம்தான்' என்று நினைத்து நாய் மறுபடி அங்கேயே போகும்.

4. பக்கெட் தண்ணீரை ஊற்றிக் கழுவாதீர்கள். உள்ளே இருப்பதை இன்னும் ஆழத்துக்குத் தள்ளுவீர்கள். பலகையும் வளைந்துவிடும். கொதிநீர், ஸ்டீம் இரண்டும் அப்படியே.

5. வாடை இருக்கும்போதே மேலே வார்னிஷ் அடிக்காதீர்கள். ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு பூச்சு கொப்பளிக்கும். அடுத்த மழைக்கு வாடை இடுக்கு வழியாக வெளியே வரும்.

சரி, என்னதான் செய்வது?

படி 1: எல்லையைக் கண்டுபிடியுங்கள்

ரூபாய் நோட்டு சரிபார்க்கப் பயன்படும் யுவி டார்ச் போதும். 365 முதல் 395 நானோமீட்டர் வரை உள்ளதாகப் பாருங்கள். இரவில் விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு அடித்தால், காய்ந்த சிறுநீர் மங்கலான மஞ்சள் பச்சையாகத் தெரியும். சோப்புக் கறையும் சில வார்னிஷ்களும்கூட மின்னும். அதனால் சந்தேகமான இடத்தில் மூக்கை வைத்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. தெரிந்த எல்லையைச் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள்.

வெளிச்சத்தில் ஆறு பலகை என்று நாங்கள் நினைத்தது, டார்ச்சில் எட்டாகத் தெரிந்தது.

கையுறை கட்டாயம். எலிக்காய்ச்சல் கிருமி நோயுற்ற நாயின் சிறுநீர் வழியாகவும் பரவும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கூடுதல் கவனம்.

படி 2: புதிய ஈரமா? ஒற்றி எடுங்கள்

தேய்க்க வேண்டாம். பழைய பருத்தித் துணியையோ டிஷ்யூவையோ வைத்து அழுத்தி, ஈரம் வராத வரை மாற்றி மாற்றி ஒற்றுங்கள். பிறகு ஈரத்துணியால் ஒரு துடை, காய்ந்த துணியால் ஒரு துடை, ஃபேன். உடனே செய்தால் பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும்.

படி 3: வாடைக்கு என்சைம் கிளீனர்

செல்லப்பிராணிக் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும். இதில் இருக்கும் என்சைம்களும் நல்ல பாக்டீரியாக்களும் சிறுநீரின் கழிவுகளை உடைத்துத் தின்றுவிடும். இரண்டு விஷயம் முக்கியம்.

முதலாவது, இதற்கு முன் பினாயில் போன்ற கிருமிநாசினி போட்டிருந்தால், ஈரத்துணியால் நன்றாகத் துடைத்து எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நல்ல பாக்டீரியாவும் செத்துவிடும்.

இரண்டாவது, நேரம் கொடுக்க வேண்டும். ஸ்ப்ரே அடித்து ஐந்து நிமிடத்தில் துடைத்தால் பயனில்லை. துணியை அதில் நனைத்துக் கறை மேல் விரித்து, லேபிளில் சொல்லியிருக்கும் நேரம் வரை காயாமல் வையுங்கள். இடைவெளிகளில் ஊசியில்லாத சிரிஞ்சால் கொஞ்சமாக இறக்கலாம். அதற்காக நாள் முழுக்க ஊறவிடாதீர்கள். மரத்தரைக்கு ஏற்றது என்று லேபிளில் இருக்கிறதா என்றும் பாருங்கள். முடிந்ததும் துடைத்து, ஃபேன் போட்டு, இரண்டு மூன்று நாள் காயவிட்டு மறுபடி செய்யுங்கள். பழைய வாடைக்கு ஒருமுறை போதாது. நாங்கள் நான்கு முறை செய்தோம்.

படி 4: பழுப்புக் கறைக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு

மருந்துக் கடையிலேயே கிடைக்கும். 3% செறிவு போதும். பாட்டிலில் 6% என்று இருந்தால் சம அளவு தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். துணியில் நனைத்துக் கறை மேல் மட்டும் வைத்து, மேலே பிளாஸ்டிக் ஷீட் மூடி, மணிக்கொரு முறை திறந்து பாருங்கள். கறை வெளுத்ததும் எடுத்துவிட்டு ஈரத்துணியால் துடையுங்கள்.

பெராக்சைடு மரத்தின் இயற்கை நிறத்தையும் வெளுக்கும். அதனால் அலமாரிக்கு அடியில், யாரும் பார்க்காத மூலையில் முதலில் சோதித்துப் பாருங்கள். வினிகரோடு கலக்கவே வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் கண்ணையும் நுரையீரலையும் எரிக்கும் அமிலம் உண்டாகும்.

படி 5: ஆணியைச் சுற்றிய கறுப்புக்கு ஆக்ஸாலிக் அமிலம்

இரும்பு, டானின் சேர்ந்த கறுப்பை பெராக்சைடால் எடுக்க முடியாது. அதற்கு ஆக்ஸாலிக் அமிலம். மொசைக், மார்பிள் பாலிஷ் போடுபவர்கள் பயன்படுத்தும் அதே வெள்ளைத் தூள்தான். ஹார்டுவேர் கடையில் கேளுங்கள்.

இது வெறும் மரத்தில்தான் வேலை செய்யும். பழைய பாலிஷை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தாக வேண்டும். 60, 80, 120 என்று சொரசொரப்பிலிருந்து மென்மைக்குப் போகலாம். மெஷின் போடுவதாக இருந்தால் ஆணித் தலைகளை முதலில் உள்ளே இறக்க வேண்டும். தரையில் பழைய பெயின்ட் இருந்தால் நிறுத்துங்கள். அதில் ஈயம் இருக்கக்கூடும், காய்ந்த தூளைச் சுவாசிப்பது ஆபத்து. வீட்டு பெயின்ட்களில் ஈயத்துக்கு 90 பிபிஎம் என்ற உச்சவரம்பு இந்தியாவில் வந்ததே 2016-ம் ஆண்டு விதிகளில்தான்.

ஒரு லிட்டர் சூடான தண்ணீரில் 50 முதல் 100 கிராம் வரை கலக்கலாம். பிளாஸ்டிக் வாளிதான், இரும்பு பாத்திரம் கூடாது. கறையில் மட்டும் தடவினால் வெள்ளைத் திட்டு விழும். அதனால் அந்தப் பலகையின் நீளம் முழுக்கத் தடவுங்கள். காய்ந்த பிறகு மேலே வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். அதைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, உப்புத்தாளும் போடக் கூடாது. தூள் மூக்கில் ஏறினால் எரியும். ஈரத்துணியால் மூன்று நான்கு முறை துடைத்து எடுங்கள். பிறகு ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் ஒரு துடை, நல்ல தண்ணீரால் ஒரு துடை.

கையுறை, கண்ணாடி, முகக்கவசம் மூன்றும் வேண்டும். ஆக்ஸாலிக் அமிலம் விஷம். வேலை முடியும்வரை குழந்தைகளும் செல்லங்களும் அந்த அறைக்குள் வரக் கூடாது. பெராக்சைடு போட்ட அன்றைக்கே இதைப் போடாதீர்கள். நன்றாகத் துடைத்துக் காய்ந்த பிறகுதான்.

படி 6: ஈரத்துணி டெஸ்ட்

வாடை போய்விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பலகை நன்றாகக் காய்ந்த பிறகு, பிழிந்த ஈரத்துணியைக் கறை இருந்த இடத்தில் விரித்து, பிளாஸ்டிக் கவரால் மூடி, இரவு முழுக்க விடுங்கள். காலையில் கவரைத் தூக்கியதும் முகர்ந்து பாருங்கள். செயற்கையாக ஒரு மழை நாளை உண்டாக்கிப் பார்ப்பதுதான் இது. வாடை வந்தால் மறுபடி படி 3. வராவிட்டால் அடுத்த படி.

படி 7: அரக்கு கொண்டு அடைக்கலாம்

எவ்வளவு செய்தாலும் ஆழத்தில் கொஞ்சம் மிச்சமிருக்கும். அதை மேலே வரவிடாமல் அடைக்க நல்ல பொருள் அரக்கு. பாண்டவர்களுக்குத் துரியோதனன் கட்டிய மாளிகையால் நாம் கேள்விப்பட்ட அதே அரக்குதான். மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. ஸ்பிரிட்டில் கரைத்து இரண்டு கோட் அடித்தால் வாடையை நன்றாகப் பூட்டிவிடும்.

ஆனால் அரக்கு காரத்தில் கரையும் என்று முன்பே பார்த்தோம். அதனால் அதை அப்படியே விடக் கூடாது. மேலே பாலியூரித்தேன் பூச்சு அடிக்க வேண்டும். அதற்கு மெழுகு நீக்கிய அரக்காகப் பார்த்து வாங்குங்கள். சாதாரண அரக்கில் மெழுகு இருக்கும், அதன் மேல் பாலியூரித்தேன் சரியாக ஒட்டாது. ஸ்பிரிட் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் அருகில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது பலகையையே மாற்ற வேண்டும்?

நான்கைந்து முறை செய்தும் ஈரத்துணி டெஸ்டில் வாடை வந்தால், திருப்புளியால் குத்தினால் மரம் மெத்தென்று உள்ளே போனால், நடக்கும்போது பலகை அமுங்கினால், ஆசாரியைக் கூப்பிட்டாக வேண்டும்.

எங்கள் வீட்டில் ஜன்னலுக்கு நேர் கீழே இருந்த இரண்டு பலகைகள் மூன்று டெஸ்டிலும் தோற்றன. ஆசாரி குத்தவைத்துத் தட்டிப் பார்த்தார். "மேல பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது அம்மிணி. பேத்துப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். பெயர்த்தபோது அடிப்பக்கம் மேலே இருந்ததைவிடக் கறுப்பு. நல்லவேளையாகத் தாங்கும் சட்டம் உறுதியாக இருந்தது. அதைச் சுரண்டி, என்சைம் தடவி, காயவிட்டு, அரக்கு அடித்தோம்.

வெளியே இருந்து காற்று போக, தரைக்குக் கீழே சுவரில் சின்னத் துவாரங்கள் இருந்தன. எலி வருகிறது என்று பெரியப்பா காலத்தில் சிமென்ட் பூசி அடைத்திருக்கிறார்கள். கீழே ஈரம் காயாமல் கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது திறந்து, கம்பி வலை போட்டாயிற்று. உங்கள் வீட்டிலும் பாருங்கள்.

இன்னொரு விஷயமும் ஆசாரி சொல்லித்தான் தெரிந்தது. புதுப் பலகை போட்டால் நிறம் தனியாகத் தெரியும். அதனால் ஸ்டோர் ரூம் அலமாரிக்கு அடியில் இருந்த இரண்டு பழைய பலகைகளை எடுத்து இங்கே போட்டு, புதியதை அலமாரிக்கு அடியில் போட்டுவிட்டார். அதே வயசு, அதே மரம். எது மாற்றிய பலகை என்று சொன்னால்தான் தெரியும்.

மறுபடி வராமல் இருக்க

* நாயின் படுக்கைக்கு அடியில் நீர் இறங்காத ஷீட் போடுங்கள். அதை வாரம் இரண்டு முறையாவது தூக்கிப் பார்த்து, அடியில் ஈரம் இருந்தால் காயவிடுங்கள்.
* வயதான நாயை அடிக்கடி வெளியே அழைத்துப் போங்கள். குறிப்பாகச் சாப்பிட்டதும், தூங்கி எழுந்ததும்.
* வீட்டில் எத்தனை பூனையோ, அதைவிட ஒன்று கூடுதலாக மணல் தட்டு வையுங்கள். தினமும் சுத்தம் செய்யுங்கள்.
* பீச்சும் பழக்கம் உள்ள கடுவனுக்குக் கருத்தடை செய்யுங்கள். பெரும்பாலான பூனைகளிடம் இது குறையும்.
* அடிக்காதீர்கள். மூக்கைப் பிடித்துக் கறையில் தேய்க்காதீர்கள். பயத்தில் இன்னும் ஒளிந்துதான் போகும்.
* வாடகை வீடு என்றால், குடிபோகும் அன்றே தரையை வீடியோ எடுத்து ஹவுஸ் ஓனருக்கு அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸில் எந்தக் கறைக்குப் பிடித்தம் என்ற பேச்சு வந்தால் உதவும். அவரைக் கேட்காமல் உப்புத்தாள், ஆசிட் எதிலும் கை வைக்காதீர்கள்.

கடைசியில் என்ன ஆனது?

எட்டுப் பலகைகளில் நான்கு முழுதாகத் தெளிந்தன. இரண்டில் மங்கிய சாம்பல் நிழல் இன்னும் இருக்கிறது. இரண்டை மாற்றினோம். மழைக்காலம் முடிந்து, காற்று வறண்டு, ஜனவரி முதல் வாரத்தில்தான் கடைசிப் பூச்சு அடிக்க முடிந்தது. அவசரப்பட்டிருந்தால் ஈரத்தோடு மூடியிருப்போம்.

ஜூலி மாத்திரை சாப்பிடுகிறாள். முழுதாக நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. எப்போதாவது ஒருநாள் ஷீட் நனைந்திருக்கும். பெரியம்மா அதை எடுத்து அலசிக் காயப்போட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறார். 13 வயது நாய்க்கு அது பெரிய விஷயமில்லை.

பொங்கலுக்கு அண்ணன் வந்தார். ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர், ஜன்னலோரம் போய்க் குனிந்து முகர்ந்து பார்த்தார். அவர் நிமிர்வதற்குள் ஜூலி வந்து அவர் முகத்தை நக்கிவிட்டாள்.

டைல்ஸ் பேச்சு அதற்கப்புறம் வரவில்லை. ஹோம்ஸ்டே விளம்பரத்துக்கு என்ன எழுதுவது என்று குரூப்பில் கேட்டார். இந்த முறை பெரியம்மா உடனே பதில் போட்டார்: "நாய் இருக்கும். பிடிக்காதவங்க வர வேண்டாம்."

ஒரு பார்வையில்

* முதலில் கால்நடை மருத்துவர், பிறகு தரை.
* யுவி டார்ச்சால் எல்லையைக் கண்டுபிடியுங்கள்.
* வாடைக்கு என்சைம், பழுப்புக்கு பெராக்சைடு, ஆணிக் கறுப்புக்கு ஆக்ஸாலிக் அமிலம். ஒன்றோடு ஒன்று கலக்காதீர்கள்.
* பிளீச், பினாயில், கொதிநீர் வேண்டாம்.
* ஈரத்துணி டெஸ்டில் பாஸான பிறகே அரக்கும் பாலியூரித்தேனும்.
* மரம் மெத்தென்று ஆகியிருந்தால் ஆசாரியைக் கூப்பிடுங்கள்.